போரியல் ஃபெல்ட் லைக்கன்: ஒட்டியிருக்கும் மரத்தை மட்டும் காத்தால் போதுமா?

அவலான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், அவலான் தீபகற்பத்தில் நான் வசிக்கும் பகுதிக்கான ஐந்தாண்டு மரவெட்டுத் திட்டத்தின் வரைவு, பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது. பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களில் வளரும் எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்னும் லைக்கன் எந்தெந்த மரங்களில் காணப்பட்டதோ, அவற்றைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் வெட்டு வழக்கம்போல நடக்கலாம் என்பதே இந்த உயிரினத்தைப் பற்றி அதில் உள்ள ஏற்பாடு. இது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் தோன்றலை எழுதி அனுப்பினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதால், காரணங்களை இங்கே பேசித் தெளிந்துகொண்டு, அதன் பிறகு என் கருத்தை அனுப்ப நினைக்கிறேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். போரியல் ஃபெல்ட் லைக்கன் என்று பொதுவாக அழைக்கப்படும் இது, இலை வடிவில் பட்டையோடு ஒட்டி, பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு வளர்கிறது. உலர்ந்திருக்கும்போது பழுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடப்பதால் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. தூறல் விழுந்த பிறகு அதே தாலஸ், அதாவது லைக்கனின் உடல், நீலச்சாம்பலாக மாறிப் பட்டையிலிருந்து எடுப்பாகத் தெரியும். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் வெண்மையான அடிப்புறம் மெல்லிய கோடாக விளிம்பைச் சுற்றி ஓடும். கைலென்ஸை வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் மிக நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருப்பதும், அவற்றுக்கு இடையே செம்பழுப்பு நிறத்தில் சிறு தட்டுகளாகக் கனியுடல்கள் எழுந்து நிற்பதும் தெரியும். மயிர்களின் நுனியில் தங்கும் நீர்த்துளிகள் லென்ஸுக்குள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு இந்தக் காட்டின் காற்று ஈரமானது.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலகளாவிய சிவப்புப் பட்டியலில் 2003ஆம் ஆண்டு, மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளது என்ற வகையில் இது சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற இரண்டு லைக்கன்களில் இது ஒன்று. மற்றொன்று ஃபுளோரிடாவின் கிளாடோனியா பெர்ஃபோரேட்டா. இத்தகைய ஓர் உயிரினத்தின் பெரிய இருப்பிடங்களில் ஒன்று எங்கள் ஊர்க் காடு என்பதால், மரத்தைச் சுற்றி வட்டம் போடும் முறை சரியா என்பதை நன்கு ஆராய வேண்டும் என்று கருதுகிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு விடை தேட, இந்த லைக்கன் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யக்கூடிய ஒரு துணையும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி. பெரும்பாலான லைக்கன்களில் அந்தத் துணை ஒரு பசும்பாசியாக இருக்கும். எரியோடெர்மாவில் அது ஒரு சயனோபாக்டீரியம், அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியம். முன்பு சைட்டோனீமா என்று குறிக்கப்பட்ட இது, இப்போது ரைசோனீமா என்னும் பேரினத்தில் வைக்கப்படுகிறது. பல லைக்கன்கள் பூஞ்சை இழைகளையும் பாசிச் செல்களையும் ஒன்றாகப் பொதிந்த சொரீடியா என்னும் துகள்களை உதிர்க்கின்றன. அத்துகள் எங்கே விழுந்தாலும் இரு கூட்டாளிகளும் கூடவே இருப்பதால் உடனே புதிய வாழ்க்கையைத் தொடங்கிவிட முடியும். எரியோடெர்மா பெடிசெல்லாட்டத்துக்கு அந்த வசதி இல்லை. அது செம்பழுப்புக் கனியுடல்களிலிருந்து பூஞ்சையின் ஸ்போர்களை, அதாவது விதை போன்ற நுண்துகள்களை, மட்டுமே வெளியிடுகிறது. ஒவ்வொரு ஸ்போரும் தகுந்த பட்டையில் விழுந்து முளைத்து, பட்டினியால் அழிவதற்கு முன் சரியான சயனோபாக்டீரியத்தைத் தானாகவே கண்டடைய வேண்டும்.

அந்தத் துணை எங்கே காத்திருக்கிறது என்பதற்கு, சுவிட்சர்லாந்தின் லைக்கன் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ஷைடெக்கர் 1990களில் ஒரு கருதுகோளை முன்வைத்தார். பால்சம் ஃபிர் பட்டையில் ஃபிரல்லானியா என்னும் செம்பழுப்பு நிற லிவர்வொர்ட் (பாசியை ஒத்த சிறு தாவரம்) படர்ந்திருக்கும். அதன் இலைகளின் அடியில் நீரைத் தேக்கி வைக்கும் மிகச் சிறிய பைகள் உள்ளன. அந்தப் பைகளுக்குள் சயனோபாக்டீரியம் வாழ்கிறது என்றும், லைக்கனின் ஸ்போர் முதலில் அந்த லிவர்வொர்ட்டின் மேல் முளைத்துத் துணையைப் பெற்றுக்கொண்டு, பிறகுதான் பட்டைக்குப் பரவுகிறது என்றும் அவர் விளக்கினார். அட்லாண்டிக் காடுகளில் இந்த லைக்கனின் இளம் தாலஸ்கள் ஃபிரல்லானியாவை ஒட்டியே காணப்படுவதை வைத்துப் பார்க்கும்போது, எனக்கு இது ஏற்புடையதாகவே இருக்கிறது.

ஆக, இந்த லைக்கனின் வாழ்க்கைக்குப் பூஞ்சை, சயனோபாக்டீரியம், லிவர்வொர்ட், ஃபிர் மரம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் இருக்க வேண்டும். இன்று ஒட்டியிருக்கும் மரத்தைச் சுற்றி வேலி போட்டால், ஏற்கெனவே வளர்ந்துவிட்ட தாலஸைக் காக்கலாம். அதன் ஸ்போர் போய்ச் சேர வேண்டிய அடுத்த மரத்தையும், அந்த மரத்தில் இருக்க வேண்டிய ஃபிரல்லானியாவையும் அந்த வேலி காக்கிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மரவளம் எழுதியது:

நான் வனத்துறை சார்ந்த பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். இருவரும் சொன்னவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவதாக, பால்சம் ஃபிர் நெடுங்காலம் வாழும் மரம் அன்று. ஈரமான இடங்களில் நிற்பவை பெரும்பாலும் நூறாண்டை ஒட்டிய வயதிலேயே உள்ளழுகல் கண்டு காற்றில் சாய்ந்துவிடும். நாம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அந்த மரமும் அதில் ஒட்டிய லைக்கனும் ஒருநாள் தரையில் விழத்தான் போகின்றன. இரண்டாவதாக, நியூஃபவுண்ட்லாந்தில் குளிர்காலத்துக்கான விறகை உரிமம் பெற்றுத் தாமே வெட்டிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். ஒரு லைக்கனுக்காகக் காட்டையே மூடுங்கள் என்று எழுதினால், அந்த மக்கள் நமக்கு எதிராகத் திரும்புவார்கள். அவர்கள் திரும்பினால் இன்று கிடைத்திருக்கும் வட்டமும் பறிபோகும். மூன்றாவதாக, அலாஸ்காவில் டெனாலிப் பகுதியில் இதே இனம் 2007இல் கண்டறியப்பட்டு, அங்கே பெருமளவில் இருப்பது பிறகு தெரியவந்தது. ரஷ்யாவின் கம்சாத்காவிலும் இருக்கிறது. உலகத்திலிருந்தே மறைந்துவிடும் என்ற அச்சம் 2003இல் இருந்த அளவுக்கு இன்று இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

வட்டம் விடுவதில் ஒரு நன்மை உண்டு. வெட்டும் எந்திரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது புரியும். மரத்தில் நாடா கட்டியிருந்தால் அதைத் தாண்டி அவர் உள்ளே வரமாட்டார். ‘காட்டின் ஈரத்தைக் காப்பாற்று’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் எங்கே நிறுத்துவார்?

தென்றல்வழி எழுதியது:

மரவளம் ஐயா கேட்ட கடைசிக் கேள்வி மிகச் சரியானது. அலாஸ்காவில் நிறைய இருக்கிறது என்பது உண்மையானால், அட்லாண்டிக் கரையில் இருப்பதை இழந்தாலும் இனம் பிழைத்துவிடும் என்று ஒருவர் வாதிட்டால் என்ன பதில் சொல்வது?

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டு பதில்கள் உண்டு.

அட்லாண்டிக் கரையில் இருப்பதும் பசிபிக் பக்கத்தில் இருப்பதும் ஒரே பூஞ்சை இனம்தான் என்றாலும், அவை ஒரே மாதிரி வாழ்வதில்லை. நியூஃபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோசியாவிலும் இது பெரும்பாலும் பால்சம் ஃபிர்ரில் வாழ்கிறது. அலாஸ்காவில் இதன் வீடு ஸ்புரூஸ் என்னும் வேறு வகை ஊசியிலை மரங்கள். இரு பக்கத்துத் தாலஸ்களுக்குள்ளும் இருக்கும் சயனோபாக்டீரியங்களை மரபணு முறையில் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, அவற்றின் பல்வகைமை அட்லாண்டிக்கில் ஒரு விதமாகவும் பசிபிக்கில் வேறு விதமாகவும் இருப்பதைக் காட்டியது. அட்லாண்டிக் கூட்டத்தை இழந்தால், அந்த மூடுபனிக்கும் அந்த மரத்துக்கும் அந்தத் துணைக்கும் பழகிய ஒரு முழு வாழ்க்கை முறையை இழப்போம். டெனாலியிலிருந்து ஸ்போர் பறந்து வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை.

இரண்டாவது பதில் ஐரோப்பாவில் இருக்கிறது. ஸ்டென் ஆல்னர் என்னும் ஸ்வீடிய ஆய்வாளர் 1948இல் ஸ்காண்டிநேவியாவின் ஈர ஸ்புரூஸ் காடுகளிலிருந்து இதே லைக்கனை எரியோடெர்மா போரியாலே என்ற பெயரில் விவரித்தார். அதன் பிறகு ஸ்வீடனில் அது மறைந்துபோனது. நார்வேயிலும் போய்விட்டது என்றே எண்ணியிருந்த நிலையில், 1990களின் நடுவில் டிரண்டலாக் பகுதியில் மிகச் சிறிய எண்ணிக்கையில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் காடுகளின் மழையும் பனியும் எங்கும் போய்விடவில்லை. மரவெட்டுதான் இடையில் வந்தது. ஒரு கரையில் நிறைய இருப்பது இன்னொரு கரையில் மறைவதைத் தடுக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரையோரம் எழுதியது:

நான் நோவா ஸ்கோசியாவில் இருப்பவள். எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னால், அவலான்வாசி அவர்களின் கருத்துக்கு வலு கூடும் என்று நினைக்கிறேன்.

இந்த இனத்தின் மூல மாதிரி, ஃபண்டி விரிகுடாவின் முகப்பில் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் 1902இல் சேகரிக்கப்பட்டது. அது 1911இல் வேறொரு பேரினப் பெயரில் விவரிக்கப்பட்டு, பெர் மாக்னுஸ் யோர்கென்சன் என்னும் நார்வே ஆய்வாளரால் 1972இல் எரியோடெர்மாவுக்கு மாற்றப்பட்டது. இன்று காம்போபெல்லோவில் அது இல்லை. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலிருந்தே போய்விட்டதாகக் கருதப்படுகிறது. நோவா ஸ்கோசியாவில் வொல்ஃப்காங் மாஸ் என்பவர் 1980களில் காடு காடாகத் தேடிப் பல இடங்களைப் பதிவு செய்தார். பிற்பாடு அந்த இடங்களுக்கு மீண்டும் சென்று பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் லைக்கன் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, மறைந்த இடங்கள் எல்லாவற்றிலும் மரம் வெட்டப்படவில்லை என்பதுதான். சில இடங்களில் ஃபிர் மரங்கள் நின்றுகொண்டிருந்தும் லைக்கன் போய்விட்டது. வட அமெரிக்காவின் உள்நாட்டு ஆலைகளும் நிலக்கரி மின்நிலையங்களும் வெளியிட்ட கந்தக டை ஆக்சைடு, தென்மேற்குக் காற்றோடு வந்து எங்கள் மாகாணத்தில் அமில மழையாக இறங்கியது. எங்கள் பாறைகளில் சுண்ணாம்பு குறைவு என்பதால் அமிலத்தை நடுநிலையாக்கும் ஆற்றல் மண்ணுக்கு மிகக் குறைவு. மழையைவிட மூடுபனித் துளிகளில் அமிலச் செறிவு அதிகமாக இருக்கும். மூடுபனியைக் குடித்து வாழும் ஓர் உயிருக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சயனோபாக்டீரியம் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் வேலை, சூழலில் அமிலம் கூடும்போதுதான் முதலில் தடைபடுகிறது. பட்டையும் அமிலமாகிவிட்டால் புதிய தாலஸ் முளைக்க இடமே இருக்காது.

கனடாவும் அமெரிக்காவும் 1991இல் காற்றுத் தர உடன்பாடு செய்துகொண்ட பிறகு கந்தக வெளியீடு வெகுவாகக் குறைந்தது. அது ஆறுதலான செய்தி. எனினும், மரத்தைச் சுற்றிய வட்டத்தால் காற்றைத் தடுக்க முடியாது என்பதை எங்கள் மாகாணம் நன்றாகவே கற்றுக்கொண்டது.

சட்ட நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் கனடியக் குழு 2002இல் அட்லாண்டிக் கூட்டத்தை, அதாவது நோவா ஸ்கோசியாவையும் நியூ பிரன்ஸ்விக்கையும், அழியும் ஆபத்தில் உள்ளது என்றும், நியூஃபவுண்ட்லாந்தில் இருப்பதைச் சிறப்புக் கவனம் தேவைப்படுவது என்றும் பிரித்து வகைப்படுத்தியது. சிறப்புக் கவனம் என்ற வகைக்கு மத்திய சட்டத்தின் தடைகள் பொருந்துவதில்லை; மேலாண்மைத் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் மாகாணத்தில் உண்மையான பாதுகாப்பு, நீங்கள் கருத்துச் சொல்லப்போகும் இந்த வெட்டுத் திட்டத்தின் வரிகளில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் கவனித்து எழுதுங்கள்.

மரவளம் எழுதியது:

கரையோரம் அம்மா எழுதியது எனக்குப் புதிய செய்தி; மரம் நின்றும் லைக்கன் போனது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அலாஸ்காவைப் பற்றிய என் வாதத்தை இங்கே வலியுறுத்தப் போவதில்லை. ஆனால் எந்திரக்காரர் எங்கே நிறுத்துவார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

வட்டத்தைப் பற்றி என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், அது உங்கள் பக்கத்துக்கே உதவும். பால்சம் ஃபிர்ரின் வேர் ஆழமாகப் போவதில்லை. பக்கத்தில் உள்ள மரங்கள் நிற்கும்வரை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சுற்றிலும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு திட்டை மட்டும் விட்டால், அட்லாண்டிக் கரையில் அடிக்கும் காற்றுக்கு அது சில குளிர்காலங்கள்கூடத் தாங்காது. நாடா கட்டிய மரமே நாடாவோடு தரையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிறிய வட்டம் லைக்கனையும் காப்பதில்லை, மரத்தையும் நமக்குத் தருவதில்லை, இருவருக்கும் நட்டம்.

நுண்ணோக்கி எழுதியது:

மரவளம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மரம் விழாமல் நின்றாலும், திட்டின் ஓரத்தில் காற்றும் வெயிலும் கூடும். இது சயனோபாக்டீரிய லைக்கன்களை மற்ற லைக்கன்களைவிட அதிகமாகத் தாக்கும். பசும்பாசியைத் துணையாகக் கொண்ட லைக்கன் உலர்ந்துபோன நிலையிலிருந்து காற்றில் உள்ள நீராவியை மட்டுமே உறிஞ்சி ஒளிச்சேர்க்கையைத் தொடங்க வல்லது. சயனோபாக்டீரிய லைக்கனுக்கு அது முடியாது. மழையாகவோ மூடுபனித் துளியாகவோ திரவ நீர் அதன் மேல் பட வேண்டும். ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஓட்டோ லாங்கேயும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் இதை அளந்து காட்டினார்கள். எனவே எரியோடெர்மாவைப் பொறுத்தவரை, ஒரு நாளில் அது எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறதோ அவ்வளவு நேரமே அதற்கு உணவு தயாரிக்கும் நேரம். சுற்றியுள்ள காட்டை எடுத்துவிட்டால், அதே மழை பெய்தாலும் தாலஸ் முன்பைவிட விரைவாக உலர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு லைக்கன் அங்கேயே ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். உள்ளுக்குள் அது மெதுவாகப் பட்டினி கிடக்கும்.

லாப்ரடார் குளிர்நீரோட்டமும் வளைகுடா வெப்பநீரோட்டமும் சந்திக்கும் கடலை ஒட்டி அவலான் இருப்பதால்தான் இவ்வளவு மூடுபனி. அர்ஜென்ஷியா போன்ற இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் மூடுபனி இருக்கும். அந்தத் துளிகளைப் பிடித்துத் தருவது மரங்களின் ஊசியிலைகளும் கிளைகளில் தொங்கும் பாசிகளும். மரங்கள் குறைந்தால் மூடுபனி வந்தாலும் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை.

இன்னொன்று, கணக்கெடுப்பு பற்றியது. ஆய்வாளர்கள் காட்டில் நடந்து கண்டுபிடிப்பது நன்கு வளர்ந்த தாலஸ்களை மட்டுமே. முளைத்த புதிதில் இது சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபிரல்லானியாவின் செம்பழுப்புக்கு நடுவில் அதைக் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். அதாவது ‘லைக்கன் காணப்பட்ட மரம்’ என்ற பட்டியல், மூத்த தலைமுறை குடியிருக்கும் வீடுகளின் பட்டியல் மட்டுமே. குழந்தைகள் இருக்கும் மரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே வட்டமும் இல்லை.

தென்றல்வழி எழுதியது:

வெட்டப்போகும் மரங்களிலிருந்து லைக்கனைப் பட்டையோடு பெயர்த்தெடுத்துப் பாதுகாக்கப்பட்ட காட்டில் ஒட்டிவிட முடியாதா? லோபேரியா போன்ற வேறு லைக்கன்களில் இப்படிச் செய்திருப்பதாகப் படித்திருக்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

லோபேரியா பல்மொனேரியாவில் செய்திருக்கிறார்கள், நன்றாகவே வளர்ந்தது. ஆனால் லோபேரியா சொரீடியாவை உதிர்க்கும் இனம். ஒரு துண்டை ஒட்டிவைத்தால் அது தானே தன் குழந்தைகளை அந்த மரத்திலேயே பரப்பும். எரியோடெர்மாவைப் பெயர்த்து ஒட்டினால், ஒட்டிய அந்தத் தாலஸ் சில காலம் உயிரோடு இருக்கலாம். அடுத்த தலைமுறைக்கு மீண்டும் ஸ்போர், சயனோபாக்டீரியம், ஃபிரல்லானியா என்ற அதே சங்கிலி தேவை. அந்தச் சங்கிலி முழுமையாக உள்ள காட்டில்தான் அது பயன்தரும். அத்தகைய காடுகளை விட்டுவைத்தாலே பெயர்த்து ஒட்டும் தேவை பெருமளவு குறைந்துவிடும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். வெட்டுக்கு அனுமதி தருவதற்கான சாக்காக அது மாறிவிடக் கூடாது.

அவலான்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை யாரும் தொடாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறை ஃபிர் மரங்கள் எங்கிருந்து வரும்?

நியூஃபவுண்ட்லாந்துக்கு மூஸ் மான்கள் இயல்பாக உரியவை அல்ல. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கு மூஸ்களைக் கொண்டுவந்து ஹௌலி அருகே விட்டார்கள். அவற்றை வேட்டையாடக்கூடிய தீவின் ஓநாய்கள் 1930 வாக்கில் அழிந்தே போய்விட்டன. இன்று தீவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மூஸ்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அவற்றுக்குப் பால்சம் ஃபிர் கன்றுகள் முக்கியமான உணவு. காட்டுக்குள் போய் நின்று பார்த்தால், மேலே முதிர்ந்த ஃபிர்கள் இருக்கும். கீழே இடுப்பளவு உயரத்தில் கொழுந்து கொய்யப்பட்டு, புதராகிப்போன கன்றுகள் இருக்கும். நடுவில் இருக்க வேண்டிய இளமரங்கள் இருக்காது. ஒரு கன்றின் பக்கக் கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்த நுனி ஒவ்வோர் ஆண்டும் கடிபட்டு, முடிச்சு முடிச்சாகத் தடித்திருப்பது தெரியும். அதன் வயதைக் கேட்டால் வியப்பீர்கள். ஆளுயரம்கூட எட்டாமல் பல ஆண்டுகளைக் கடந்த கன்றுகள் அவை.

மரவளம் ஐயா சொன்னதுபோல முதிர்ந்த ஃபிர்கள் தாமாகவே விழத்தான் போகின்றன. அவை விழும்போது அடுத்த மரம் பக்கத்தில் தயாராக நிற்காவிட்டால், மரவெட்டு ஒன்றுமே நடக்காத காட்டிலும் இந்த லைக்கன் இல்லாமல் போகும். குரோஸ் மார்ன், டெர்ரா நோவா தேசியப் பூங்காக்களில் மூஸ்களின் எண்ணிக்கையைக் குறைக்க 2011 முதல் வேட்டையை அனுமதித்திருக்கிறார்கள். லைக்கன் வாழும் ஈரக் காடுகளிலும் வேட்டை உரிம ஒதுக்கீட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது என் எண்ணம். இதை விறகுவெட்டும் குடும்பங்களும் எதிர்க்க மாட்டார்கள். மூஸ் இறைச்சி இங்கே எல்லோர் வீட்டுக்கும் வேண்டியதுதான்.

கரையோரம் எழுதியது:

மூஸைப் பற்றிய பத்தியை அவசியம் சேருங்கள். கூடவே ஒரு சிறு குறிப்பு: ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய ஓடில்லா நத்தைகள் எங்கள் காடுகளில் சயனோபாக்டீரிய லைக்கன்களை மேய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாலஸின் மேல்தோல் சுரண்டப்பட்டு வெள்ளையான உட்பகுதி தெரிந்தால் அது பெரும்பாலும் இவற்றின் வேலை. உங்கள் பகுதியில் களஆய்வு செய்பவர்களிடம் இதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மரவளம் எழுதியது:

இப்போது நடைமுறைக்கு வருவோம். எந்திரக்காரருக்குப் புரியும் எல்லை ஒன்று வேண்டும் என்றேன். அதை நானே முன்மொழிகிறேன்.

இந்த லைக்கன் கண்ட இடத்தில் எல்லாம் வளர்வதில்லை. வடக்கு நோக்கிய சரிவுகளின் அடியிலும், ஸ்பாக்னம் பாசி நிறைந்த சதுப்புகளின் ஓரத்திலும், நீர் தேங்கும் தாழ்வுகளிலும் நிற்கும் ஃபிர் மரங்கள்தான் இதன் இடம். நோவா ஸ்கோசியாவில் இத்தகைய இடங்களை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு தேடி, புதிய இருப்பிடங்கள் பலவற்றைக் கண்டுபிடித்தார்கள் என்பது நான் அறிந்தது. அந்தத் தாழ்வுகளில் நிற்கும் ஃபிர்கள் மெதுவாக வளர்ந்தவை, மெலிந்தவை, பலவற்றில் உள்ளழுகல் இருக்கும். அவற்றிலிருந்து கிடைக்கும் மரமும் விறகும் குறைவு. எந்திரம் சேற்றில் இறங்குவதற்கு ஆகும் செலவோ அதிகம். எனவே தனி மரங்களைச் சுற்றி வட்டம் போடுவதற்குப் பதிலாக, சதுப்போரங்களையும் ஓடைக் கரைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, தொடர்ச்சியான வெட்டாப் பட்டைகளாக, அதாவது மரம் வெட்டாத நீண்ட நிலப்பகுதிகளாக, ஒதுக்குங்கள். சதுப்பின் ஓரம் வரைபடத்திலும் தெரியும், தரையிலும் தெரியும். அங்கே லைக்கன் கண்டுபிடிக்கப்பட்டதா இல்லையா என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில் விறகுவெட்டுக்குத் தடையில்லை. பட்டை தொடர்ச்சியாக இருப்பதால் காற்றுக்கும் தாங்கும்.

அவலான்வாசி எழுதியது:

ஐயா, நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். என் கருத்துரையின் முக்கியப் பகுதியை இவ்வாறு எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

“வரைவுத் திட்டத்தில் எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் காணப்பட்ட மரங்களைச் சுற்றி மட்டும் இடைவெளி விடும் ஏற்பாட்டை மாற்றி, வட்டாரத்தில் ஸ்பாக்னம் சதுப்புகளையும் ஓடைகளையும் ஒட்டிய ஃபிர் காடுகளை, லைக்கன் பதிவு இருப்பினும் இல்லாவிடினும், தொடர்ச்சியான வெட்டாப் பட்டைகளாக ஒதுக்குமாறு கோருகிறேன். இந்த லைக்கன் ஸ்போர்கள் வழியாக மட்டுமே பரவுவதாலும், இளம் தாலஸ்கள் கணக்கெடுப்பில் அகப்படாததாலும், தனி மரப் பாதுகாப்பு அதன் அடுத்த தலைமுறையை விட்டுவிடுகிறது. அப்பட்டைகளுக்குள் ஃபிர் கன்றுகளின் நிலையைத் தொடர்ந்து அளந்து, மூஸ் மேய்ச்சலால் இளமரங்கள் எழாத இடங்களில் வேட்டை ஒதுக்கீட்டை உயர்த்தவும், தேவையான இடங்களில் மாதிரி வேலிகள் அமைக்கவும் கோருகிறேன்.”

நுண்ணோக்கி எழுதியது:

நன்றாக இருக்கிறது. ‘ஃபிர் கன்றுகளின் நிலை’ என்பதோடு ‘மரப்பட்டைகளில் ஃபிரல்லானியாவின் இருப்பு’ என்பதையும் அளவீட்டில் சேர்த்துவிடுங்கள். ஃபிரல்லானியாவை அடையாளம் காண்பது லைக்கனை அடையாளம் காண்பதைவிட எளிது; சிறிய பயிற்சி பெற்ற எவரும் செய்ய முடியும். அது இல்லாத காட்டில் அட்லாண்டிக் எரியோடெர்மாவுக்கு எதிர்காலம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மரவளம் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். ‘ஃபிர் காடுகளை’ என்பதற்கு முன்னால் ‘உரிமம் பெற்ற வீட்டு விறகுவெட்டுப் பகுதிகள் உட்பட’ என்று சேர்த்து, அதற்கு ஈடாக மேட்டு நிலத்தில் அதே அளவு விறகுப் பகுதியை ஒதுக்கித் தரவும் கேளுங்கள். இழப்பீடு எங்கே என்று எழுதியிருந்தால்தான் அந்தக் குடும்பங்கள் இதற்குக் கையொப்பமிடுவார்கள். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்; என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.